அம்மா செய்த வெட்டுக்கட்டைகள்

எங்கள் அப்பாவைக் குடிகாரர் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் இன்னும் காலடிப்பேட்டையிலேயே இருக்கிறார்கள். மார்க்கெட்டில் பார்த்தால், "நல்லா கீறியாம்மா?" என்று விசாரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் மறக்கவில்லை. நாற்பது வயதாகியும் எதையும் மறக்காத ஆள் நான். என் குணம் அப்படி.

நம்மோடு படித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் மருந்துச் சீட்டைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, 'உங்க அப்பா தகரம் வெட்டுவாரே, கொஞ்சம் தண்ணி போடுவாரே, அவர் எப்படி இருக்கார்?' என்று கேட்டிருந்தாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். அந்தக் காலத்தில் தெருவே சொன்னதைத்தான் அவளும் நினைவில் வைத்திருக்கிறாள். அதனால் திட்டவில்லை. திட்டுவதற்குப் பதிலாக முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் எட்டாவது படித்த வருடம். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். அப்பாவுக்குத் தகர வேலை. கூரைக்கு ஷீட்டு வெட்டுவது, கடைவாசலில் நிழலுக்குத் தகரம் இறக்குவது, காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற கொட்டகைகளுக்குப் பக்கவாட்டில் அடைப்பது. அப்பா கீழே உட்கார்ந்து வெட்டுவார். சித்தப்பா சாரத்தில் ஏறி அடிப்பார். எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் தகரத்தின் வாசனை இருக்கும். வெட்டிய ஓரத்தை அரம் போட்டுத் தேய்க்கும்போது பல் கூசும். எனக்கு அது கூசாது. அந்தச் சத்தம் கேட்டால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

வீட்டில் நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அப்பா என்று வருகிறது.

அந்த வருடத்துக்கு முந்தின வருடத்திலிருந்தே அப்பா என்னைக் கூப்பிட்டு, "டேப்புல நாலடி ஏழு எங்க கீதுன்னு காமி பாப்போம்" என்பார். எனக்கு அளவு சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு துள்ளிக் குதித்துப் போவேன். நான் விரல் வைக்கிற இடத்தில் அவர் ஆணியால் கீறுவார். ஒருநாள் நாலடி ஏழு அங்குலம் என்பதை நான் நாற்பத்தேழாம் அங்குலத்தில் காட்டிவிட்டேன். டேப்பில் நாலும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தது, என் மேல் என்ன தப்பு? ஷீட்டு எட்டு அங்குலம் குட்டையாகப் போய்விட்டது.

அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். அம்மா தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவள்.

"கொழந்த காட்டுனா, நீ பாக்கலயா?" என்று கேட்டாள்.

அப்பா ஷீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா நாலு தப்படி பின்னால் போய், மூன்று விரலை நீட்டி, "இது எத்தினி?" என்றாள்.

"சும்மா வெளையாடாத மே."

"எத்தினின்னு சொல்லுய்யா."

அவர் சொல்லவில்லை. அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவர் எனக்குப் பாடம் நடத்தவில்லை என்று.

எல்லாம் புகையாகத் தெரிகிறது, வெயிலில் போனால் வெள்ளையாக அடிக்கிறது என்றார் அப்பா. முன்பு ஒரு கொட்டகை வேலையில் பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்களாம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் மாதக்கணக்கில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததில் நரம்பு வெந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்று அம்மா சொன்னதற்கு, கண் ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தன் பார்த்தால் போதும், மறுநாளே வேலை போச்சு என்றார்.

குடிகாரப் பட்டம் வந்தது இதனால்தான். சாயங்கால வெளிச்சத்தில் சாக்கடை மூடியில் தடுக்கி விழுந்தார். டீக்கடைப் பெஞ்சு என்று நினைத்து ஒருத்தர் மடியில் உட்காரப் போனார். எதிரில் வந்த பழைய தோஸ்துக்கு வணக்கம் சொல்லாமல் போனார். "இன்னா, காலைலயே ஏத்திகினு வந்துட்டாரா?" என்று டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். அப்பா சிரித்தார். சிரித்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. டீயையும் வெற்றிலையையும் தவிர வேறெதுவும் அவர் வாய்க்குள் போனதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பொய்யிய்யா, எம் புருசன் குடிக்கலன்னு போய் நறுக்குன்னு சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பினாள்.

அப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "குடிகாரனுக்கு வேல குடுப்பானுங்க மே. குருடனுக்கு எவன் குடுப்பான்? சொல்லிகினு போட்டும் வுடு."

அம்மா எழுந்து மிஷினிடம் போனாள். என்னைக் கூப்பிட்டுத் தையல் மிஷின் மேல் கையை வைத்து, வெளியே மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற மிஷின் அது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சாமி கிடையாது.

சித்தப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு வாய் நீளம். அவரும் அண்ணன் குடிக்கிறார் என்றே நம்பி, ஒருநாள் அழுதுகொண்டே புத்தி சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, பேர் வேண்டாம், எங்கள் அப்பா மாதிரி தள்ளாடி நடந்து காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? காம்பஸ் டப்பாவால் மண்டையில் ஒன்று போட்டேன். டீச்சர் ஏன் அடித்தாய் என்று கேட்டார். காரணம் சொல்ல முடியாது, சத்தியம் இருக்கிறது. அன்று முழுக்க வராந்தாவில் முட்டி போட்டேன். ஏன் என்று அன்று நீங்கள் கேட்டீர்கள், இன்றுதான் சொல்கிறேன்.

இனிமேல்தான் கட்டைக் கதை.

அம்மாவுக்கு ஜாக்கெட் வெட்ட டேப்பு தேவையே இல்லை. வழக்கமாக வருகிறவர்களின் அளவுக்கெல்லாம் அட்டையில் வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருப்பாள். கழுத்துக்கு ஒரு அட்டை, முதுகுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. அட்டையைத் துணி மேல் வைத்து ஓரத்தோடு கத்தரியை ஓட்டினால் வேலை முடிந்தது. ஒருநாள் மத்தியானம் அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "துணிக்கு அட்ட கீது. தகரத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?" என்றாள்.

மறுநாள் காசிமேட்டிலிருந்து உடைந்த மீன் பெட்டிப் பலகைகள் வந்தன. பழைய இரும்புக் கடையிலிருந்து, நெடுக்காக மடக்கின இரும்புப் பட்டையான ஆங்கிள் துண்டுகள் வந்தன. அம்மா ஆறடிப் பலகை ஒன்றின் முனையில் குறுக்கே இரண்டு ஆங்கிளைப் பக்கம் பக்கமாக முடுக்கினாள். நடுவில் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு ஓடுகிற இடைவெளி மட்டும்தான். பிளேடு இப்படி அப்படி அசைய வழியே இல்லை. பலகை நெடுக அங்குலத்துக்கு ஒரு துளை போட்டாள். அடி முடிகிற இடத்தில் மட்டும் ஜோடித் துளை. துளையில் ஒரு தடித்த போல்ட்டைச் செருகினால் தகரம் அதில் போய் முட்டி நிற்கும். அப்புறம் பிளேடை ஓட்ட வேண்டியதுதான்.

அப்பா டேப்பைப் பார்க்க வேண்டாம். கீறல் தெரிய வேண்டாம். ஜோடித் துளைகளை விரலால் எண்ணி, அதற்கு மேல் ஒற்றைத் துளைகளை எண்ணி, போல்ட்டைச் செருகி, 'டக்'கென்று தகரம் முட்டுகிற சத்தம் கேட்டதும் வெட்டுவார். முதல் ஷீட்டை வெட்டிவிட்டு அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாரே, அந்த முகம் இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. ரொம்ப நாள் கழித்து அவர் அன்றைக்குத்தான் பாடினார். கர்ண கடூரமாகப் பாடுவார், ஆனாலும் பாடினார்.

பலகையிலிருந்து மீன் வாசனை கடைசிவரை போகவில்லை. தெருப் பூனைகள் வந்து கட்டை மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்பா வெட்டுவதற்கு முன்னால் கையை வீசிப் பூனை இருக்கிறதா என்று பார்ப்பார்.

அம்மா அத்தோடு நிற்கவில்லை. ஓரம் மடிக்க ஒரு கட்டை, மழைத்தண்ணீர் வடிகிற நீரோட்டு மூலைக்கு ஒரு கட்டை, கூரைச் சரிவுக்கு ஏற்ப ஓரத்தைச் சாய்வாக வெட்ட ஒரு கட்டை என்று செய்துகொண்டே போனாள். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே, "இன்னாமே, தகரத்துக்கு ஜாக்கெட்டு தெக்கிறியா?" என்று கேட்டார்.

"ஆமா. அத்த முடிச்சிட்டு உன் வாய்க்கு ஒண்ணு தெச்சுத் தரேன், இரு" என்றாள் அம்மா.

நக்கல் ஒரு மாதத்தில் அடங்கிப்போயிற்று. ஏனென்றால் அப்பா வெட்டிய ஷீட்டு ஒரு நூல் கூடப் பிசகவில்லை. சித்தப்பா சாரத்திலிருந்து, "அண்ணாத்த, ஒண்ணு கூட இடிக்கல! குடிச்சாதான் உனக்கு கையி நிக்குதா?" என்று கத்துவார். எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

அப்போதுதான் எர்ணாவூர் வேலை வந்தது.

அங்கே ஒரு குடியிருப்பின் நலச் சங்கத்துக்குச் சொந்தமாகக் கூடம் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் சரிகிற கூரை. முன்சுவர் ரோட்டைப் பார்த்து, பின்சுவர் கடலைப் பார்த்து. இரண்டு சுவர்களின் தலையிலும் கூரைக்குக் கீழே முக்கோணமாகத் திறந்த இடம். அதை அடைத்திருந்த தகரத்தை உப்புக்காற்று தின்று சல்லடை ஆக்கிவிட்டது. இனிமேல் இரும்பே வேண்டாம், புதிதாக வந்திருக்கிற பிளாஸ்டிக் பலகை போடலாம் என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். சங்கத் தலைவருடைய தங்கை மகள் கல்யாணம்தான் புதுப்பித்த கூடத்தில் முதல் விசேஷம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஒன்பது நாள் இருந்தது.

தலைவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலுக்குக் கேட்கிற குரல். எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "உன் வெட்டு சுத்தமா கீதுன்னு சொன்னாங்க, அதான் வந்தேன். ஆனா எங்க எடத்துல நீ பாட்டில தொட்டேன்னு வெய்யி, கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிடுவேன். அப்பறம் இந்த ஏரியாவுலயே உனக்கு வேல கெடைக்காது."

"தொட மாட்டேன் தலைவரே" என்றார் அப்பா. உண்மையைத்தான் சொன்னார்.

வேலை பிசகினால் ஏன் பிசகியது என்று கேட்பார்கள். கேட்டால் கண் விஷயம் வெளியே வரும். வந்துவிட்டால் அப்பாவை அதற்கப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும். அம்மா போய் அந்தக் கூரைச் சரிவுக்கு அட்டையில் அளவு எடுத்து வந்து, அதற்கென்றே புதிதாகச் சாய்வுக்கட்டை செய்தாள்.

பலகைகள் மீன்பாடி வண்டியில் வந்து இறங்கின. வெள்ளை வெளேரென்று, புது மழைக்கோட்டு வாசனையோடு. ஒன்றின் ஓரத்தில் இருக்கிற நாக்கு அடுத்ததின் காடிக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் கணக்காக எண்ணி வாங்கியிருந்தார்கள். கூடுதலாக ஒன்றும் இல்லை. அடுத்த லோடு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாதாம்.

முக்கோணம் என்பதால் ஓரத்துப் பலகை குட்டை, நடுவுக்கு வரவர நெட்டை. ஒவ்வொன்றின் தலையும் கூரையோடு ஒட்டுகிற மாதிரி சாய்வாக இருக்க வேண்டும். அப்பா முன்சுவருக்கு ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு இரண்டாக வெட்டினார். ஒன்று இடப்பக்கத்துக்கு, இன்னொன்று வலப்பக்கத்துக்கு. இரண்டையும் ஒரே சாய்வுக்கட்டையில் வைத்துத்தான் வெட்டினார். தகரத்தில் அப்படித்தான் செய்வார்கள். தகரத்தைத் திருப்பிப் போட்டால் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடும். இருபது வருடமாகச் செய்து வந்த வேலை. யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

சனிக்கிழமை அம்மாவும் நானும் கருவாட்டுக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போனோம். முன்சுவரின் இடப்பாதி முடிந்திருந்தது. வெயிலில் பளபளவென்று, ஒரு இடுக்கு இல்லாமல், கூரையோடு அப்படியே ஒட்டிக்கொண்டு. எனக்கு நெஞ்சு இவ்வளவு பெரிதாகிவிட்டது. ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்ட வேண்டும் போல இருந்தது.

சித்தப்பா வலப்பாதிக்கு முதல் பலகையைக் கையில் எடுத்தார். வைத்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"அண்ணாத்த, இன்னா வெட்டி வெச்சிகீற? சாய்வு மாறி கீது!"

"திருப்பிப் போட்றா."

"திருப்புனா முதுகு தெரியுது அண்ணாத்த!"

பிளாஸ்டிக் பலகைக்கு ஒரு பக்கம்தான் மழமழப்பு. பின்பக்கம் சாம்பல் நிறத்தில் வரிவரியாக அசிங்கமாக இருந்தது. திருப்பினால் முதுகு ரோட்டைப் பார்க்கிறது. திருப்பாவிட்டால் சாய்வு கூரைக்கு எதிராகப் போகிறது. வலப்பக்கத்துக்கு வெட்டி அடுக்கியிருந்த அத்தனையும் அப்படித்தான்.

தலைவர் வந்துவிட்டார். கூட்டமும் கூடிவிட்டது. அவர் ஒரு பலகையை எடுத்துப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"அத்தினியும் வீணா? குடிச்சிட்டுத்தானய்யா வெட்டுன?"

அப்பா லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா தலைவரே. லைட்டா. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

சித்தப்பா சாரத்திலிருந்து குதித்தார். "உனுக்கு வெக்கமா இல்ல? பொம்பளப் புள்ள நிக்குது பாரு. அதும் மூஞ்சியப் பாத்தாவது..."

என் மூஞ்சியை அவரால் பார்க்க முடியாது என்பது சித்தப்பாவுக்குத் தெரியாதே. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, சத்தியம், மிஷின், பொட்டு எல்லாம் பறந்துபோய்விட்டது.

"எங்க நைனா குடிக்கல! அவுருக்குக் கண்ணு தெரியாது! கண்ணுதான் தெரியாது!"

கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. எல்லாம் போயிற்று, என்னால்தான் போயிற்று என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெட்டின பலகை இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, ரெண்டு கையும் எடது கையா வெட்டிட்டமேய்யா! துணிக்கு மூஞ்சி ஒண்ணு, முதுகு ஒண்ணுன்னு இத்தினி வருசமா வெட்டுறேன். தகரத்துக்கு ரெண்டு பக்கமும் மூஞ்சிதானன்னு இத்தையும் அப்படியே வுட்டுட்டேன்." பிறகு தலைவரைப் பார்த்து நிமிர்ந்தாள். "கட்ட செஞ்சது நானு. தப்பு எம்மேல. பாப்பா சொன்னது நெசம். ரெண்டு வருசமா அவுருக்குக் கண்ணு தெரியல. நீங்க சுத்தமா கீதுன்னு தேடி வந்தீங்களே, அந்த வெட்டெல்லாம் கண்ணு தெரியாம வெட்டுனதுதான். ஒரு சொட்டு குடிச்சதில்ல எம் புருசன்."

சித்தப்பா வாயைத் திறந்தபடி நின்றார். தலைவர் கையிலிருந்த பலகையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அப்பா இதையெல்லாம் கேட்டாரோ இல்லையோ தெரியாது. அவர் குந்தி உட்கார்ந்து பலகையின் சாய்ந்த முனையை விரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. திடீரென்று பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். முன்சுவர் முடிந்தது, பக்கச்சுவரில் திரும்பினார். நாங்கள் எல்லோரும், தலைவர் உட்பட, ஏன் என்று தெரியாமல் பின்னாலேயே போனோம்.

பின்சுவருக்கு வந்ததும் நின்றார். கடல்காற்று பலகையைப் பிடுங்கியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பின்னாடிக்கு இன்னும் ஒண்ணும் வெட்டலயே?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாத்த."

"ஏறு. இத்த இந்தப் பக்கத்துக்கு எடது கையில வெச்சுப் பாரு."

சித்தப்பா ஏணியைச் சாத்தி ஏறினார். பலகையை வைத்தார். மழமழப்பு வெளியே, சாய்வு கூரையோடு, ஒரு நூல் பிசகாமல் போய் உட்கார்ந்தது.

"பின்செவுத்துக்கும் ஒரு எடது பக்கம் கீது இல்ல?" என்றார் அப்பா. "வெட்டுனது அத்தினியும் இங்க போயிடும். மிச்சம் கீறத ரெண்டு செவுத்துக்கும் சோத்தாங்கைக்கு வெட்டிக்கலாம். ஒண்ணும் வீணில்ல தலைவரே."

அவ்வளவுதான் விஷயம். எவ்வளவு சுலபம் பாருங்கள். கண் இருந்த நாங்கள் இருபது பேரும் முன்சுவரையே முறைத்துக்கொண்டு நின்றோம். கூடம் முழுவதையும் மனசுக்குள் சுற்றி வந்தவர் அவர் ஒருத்தர்தான். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை. 'பார்த்தீங்களா, பார்த்தீங்களா' என்று ஒவ்வொருத்தராகப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்த அழுகை.

அன்று சாயங்காலத்துக்குள் அம்மா அந்த அட்டையையே கவிழ்த்துப் போட்டு வலப்பக்கத்துக்கு இன்னொரு சாய்வுக்கட்டை செய்துவிட்டாள். தலைவர் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. துண்டுப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு, "தள்ளு, நான் பாக்குறேன்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு துளையை எண்ணினார், முட்ட வைத்தார், வெட்டினார். கண்ணைத் திறந்து பார்த்தால் நேராக வந்திருந்தது. "இன்னாமா இது!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். மறுபடியும் ஒன்று வெட்ட வேண்டும் என்றார். அம்மா பலகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர் அப்பாவின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். உற்றுப் பார்த்தார்.

"யோவ்! இது பொரைய்யா! நடுவுல வெள்ளையா கீது பாரு. எங்க அண்ணிக்கு இதே மாரிதான் இருந்துச்சு. ஆப்ரேசன் பண்ணி எடுத்தாங்க. இப்ப அரிசியில கல்லு பொறுக்குது. இதுக்கா ரெண்டு வருசமா குடிகாரன்னு பேரு வாங்கிகினு சுத்துன?"

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. நரம்பும் வேகவில்லை, ஒன்றும் இல்லை, வெறும் கண்புரை. ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தால் சொல்லியிருப்பார். பெரியவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்களும் பயந்துபோய்க் கிடந்தார்கள், நம்மைப் போலத்தான். அப்பாவின் பயத்தைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வேலை போனால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். சித்தப்பா அன்றைக்கு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோறு பிசைந்து குழம்பு ஊற்றிக் கையில் எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே இரண்டு சுவரும் முடிந்தன. கல்யாணம் முடிந்த மறு வாரம் தலைவரே அப்பாவைக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். முதலில் வலது கண். பச்சைத் துணி தொங்கவிட்டுக்கொண்டு அப்பா வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அசையக்கூடாது, குனியக்கூடாது, இருமக்கூடாது. எங்களை ஒரு வழி பண்ணிவிட்டார்.

அந்தச் சமயத்தில் கூடத்தின் முன்சுவரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஃபேன் உபயம் இன்னார், டியூப் லைட் உபயம் இன்னார் என்று எழுதி, கடைசியில் வேலை செய்தவர்கள் பெயர். கொத்தனார், எலக்ட்ரீசியன், பெயிண்டர். பலகை வேலைக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னார்.

"இன்னாய்யா, எம் பேரு எதுக்கு?" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் அம்மா. "ஊரே சிரிக்கும். தலைவரே, அவுரு பேரு போடுங்க."

"வெட்டுனவன் நானு. என்ன வெட்ட வெச்சவ அவ" என்றார் அப்பா. பச்சைத் துணிக்குள்ளிருந்து தலைவர் இருக்கிற பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "அவ பேருக்கு முன்னாடி மேஸ்திரின்னு போடணும். அது இல்லாம போடாதீங்க."

தலைவர் அம்மாவைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

துணியை எடுத்த பிறகு அப்பா முதலில் போக வேண்டும் என்று சொன்ன இடம் அதுதான். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். ரோட்டின் எதிர்ப்பக்கமே இறங்கி நின்றோம். நடுவில் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கிட்டப் போகலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஆப்ரேஷன் செய்த கண்ணால் பார்த்தார். லாரி மறைத்தால் காத்திருந்தார். லாரி போனதும் விட்ட இடத்திலிருந்து படித்தார். ஃபேன் கொடுத்தவர், லைட் கொடுத்தவர், கொத்தனார், எல்லாம் படித்துக் கடைசி வரிக்கு வந்தார். மேஸ்திரி என்று எழுத்து எழுத்தாகப் படித்தார். அப்புறம் அம்மாவின் பெயரை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எர்ணாவூரில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும் சங்கத்துக்காரர்கள் மறக்காமல் மறுபடி எழுதுகிறார்கள். குடிகாரர் என்று கேட்டவர்கள் போய் அண்ணாந்து பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "படிச்சாச்சு இல்ல? போலாம் வா, பஸ்ஸு வருது" என்றாள்.

"இரு மே" என்றார் அப்பா. இன்னும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசா போடச் சொல்லியிருக்கணும்."